படகின் மேல்தளத்தில் ஹேட்ச் வைக்கப் போகிறீர்களா? வெட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்

நெரிஞ்சிப்பேட்டைக்கும் பூலாம்பட்டிக்கும் நடுவே காவிரி கதவணையில் தேங்கி நிற்கும். எங்கள் வீடு இக்கரையில், ஈரோடு மாவட்டத்தில். தோட்டம் அக்கரையில், சேலம் மாவட்டத்தில். போய்வர ஒரு 20 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். கடலோரத்தில் ஓடிய பழைய படகை வாங்கி லாரியில் ஏற்றி வந்தது. அதன் முன்பக்கம் மேல்தளம் போட்டு மூடிய அறை. உள்ளே பார்க்க ஒரு துளைகூடக் கிடையாது.

ஒரு கட்டத்தில் படகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு ஓட ஆரம்பித்தது. தளத்தின் மேல் நின்று அசைத்தால் உள்ளே தண்ணீர் சலசலத்தது. சரி, ஒரு ஹேட்ச், அதாவது தளத்தை வெட்டித் திறந்து மூடும்படி பொருத்தும் மூடி, வைத்துவிட்டால் தண்ணீரை இறைக்கலாம், உள்ளே என்ன என்றும் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். முதல் முறை ஆடி 18க்குள் படகு ஓட வேண்டும் என்று அவசரமாக வெட்டி, மூடியைப் பொருத்தினோம். நாலு மாதத்தில் மூடியைச் சுற்றி இரண்டடி தூரம் தளம் மெத்தை மாதிரி அமுங்கியது. எல்லாவற்றையும் பிய்த்தெடுத்துத் திரும்பச் செய்ய வேண்டியதாகிவிட்டது. இரண்டாம் முறை செய்தது இப்போது ஒரு மழைக்காலம் தாண்டி நன்றாக நிற்கிறது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் முறை எங்கே தவறினோம் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

மூடிய அறை என்றால் அது வெறும் காற்றறையாக இருக்கலாம், அல்லது உள்ளே ஃபோம் நிரப்பியிருக்கலாம். ஃபோம் என்றால் ஹேட்ச் வைத்துப் பயனில்லை. ஊறிய ஃபோமை வெட்டித்தான் எடுக்க வேண்டும், அது வேறு வேலை. இதைத் தெரிந்துகொள்ள மொபைலில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா போதும். நான் 900 ரூபாய்க்கு வாங்கினேன். ஹேட்ச் வரப்போகும் இடத்தின் நட்டநடுவில் 12 மி.மீ. துளை ஒன்று போட்டு, கேமராவை விட்டுப் பாருங்கள். நடுவில் போட்டால் பின்னால் அந்தத் துளை வெட்டி எடுக்கும் துண்டோடு போய்விடும். ஹேட்ச் வேண்டாம் என்று முடிவானாலும் அடைக்க வேண்டியது ஒரு சின்னத் துளைதான்.

பார்க்க வேண்டியவை: குறுக்குச் சட்டங்கள் எங்கே ஓடுகின்றன, வயர் அல்லது பெட்ரோல் குழாய் ஏதாவது போகிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. கடைசிக் கேள்வி முக்கியம். தண்ணீர் அடிப்பக்க விரிசல் வழியாக வருகிறது என்றால் முதலில் அதை அடையுங்கள். எங்கள் படகில் தளத்தின் மேலிருந்த பழைய கொக்கியின் போல்ட் துளை வழியாக மழைநீர் இறங்கியிருந்தது.

இந்த அறையைச் சாமான் வைக்கும் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். 300 லிட்டர் கொள்ளளவுள்ள காற்றறை முழுதாக மூழ்கும்போது ஏறக்குறைய 300 கிலோவைத் தாங்கிப் பிடிக்கும். படகு கவிழ்ந்தால் மிதக்க வைப்பது அதுதான். அதில் ஒழுகும் மூடி ஒன்றை வைத்தால், நாமே அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். தண்ணீர் புகாத வகை ஹேட்ச் தவிர வேறெதையும் காற்றறையில் வைக்காதீர்கள்.

2. காகித வேலையை முதலில் தொடங்குங்கள்

எஞ்சின் பொருத்திய உள்நாட்டுப் படகுகளுக்கு 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் ஆய்வுச் சான்றும் வேண்டும். கட்டுமானத்தை மாற்றுவதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்பதுதான் முறை. "சின்ன ஓட்டைதானே" என்று விடாதீர்கள். காற்றறையைத் திறப்பது பாதுகாப்பைத் தொடும் மாற்றம்; அடுத்த ஆய்வுக்கு வருபவர் கண்ணில் கட்டாயம் படும்.

நான் முதலில் ஒரு வெள்ளைத்தாளில் கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, வரைபடம் இல்லை என்று திரும்பி வந்தது. அந்த மூன்று வாரம் உங்களுக்கு வீணாகக் கூடாது. கையில் இருக்க வேண்டியவை இவை:

- பதிவுச் சான்று, கடைசி ஆய்வுச் சான்று, இன்சூரன்ஸ் பாலிசி, உரிமையாளரின் அடையாள அட்டை. ஒவ்வொன்றிலும் இரண்டு நகல்.
- படகின் மேல்தோற்றமும் பக்கத்தோற்றமும் வரைந்து, ஹேட்ச் வரும் இடத்தை மி.மீ. அளவோடு குறித்த படம். ஆட்டோகேட் தெரிந்த ஒருவரிடம் 1,500 ரூபாய்க்குப் போட்டு வாங்கினேன்.
- வாங்கப்போகும் ஹேட்சின் விவரத்தாள். தண்ணீர் புகாதது என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.
- வெட்டுவதற்கு முன்னால் எடுத்த புகைப்படங்கள், தேதியோடு.

படகைப் பதிவு செய்த அலுவலகத்திலேயே கொடுங்கள். வேறு இடத்தில் கொடுத்தால் கைமாறிக்கொண்டே இருக்கும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் வராதீர்கள். எல்லாம் சரியாகக் கொடுத்த பிறகு எனக்கு ஐந்து வாரம் ஆனது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால், சொல்லாமல் மாற்றிய படகு என்று அவர்கள் கைவிரிக்க இடம் கொடுக்கக் கூடாது.

3. எந்த மாதத்தில் செய்வது

மாசியும் பங்குனியும்தான் என் கணக்கு. மழை இருக்காது, வெயிலும் உச்சிக்குப் போயிருக்காது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறப்பார்கள். அதற்கு முன் படகு மறுபடி தண்ணீரில் இருப்பது நல்லது. கதவணைப் பராமரிப்புக்காகத் தண்ணீரை வெளியேற்றும் நாட்களில் எப்படியும் படகு ஓடாது. அந்த அறிவிப்பு வந்தால் அதை ஒட்டி வேலையை வைத்துக்கொள்ளலாம்.

ஆடியில் தொடவே தொடாதீர்கள். அம்மியே பறக்கும் காற்றில் ஈர ரெசின் மேல் புழுதி படிந்தால் அடுத்த பூச்சு ஒட்டாது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் போகாது.

4. எந்த ஹேட்ச், என்ன அளவு

கையை விட்டு ஸ்பாஞ்சால் தண்ணீர் எடுக்க மட்டும் என்றால் 6 அங்குல வட்டத் திருகுமூடி போதும். விலை குறைவு, ஒழுகும் வாய்ப்பும் குறைவு. 4 அங்குலம் வாங்காதீர்கள். கை உள்ளே போகும், ஆனால் முழங்கைக்கு மேல் திரும்பாது. இரண்டு கையும் போய் உள்ளே வேலை செய்ய வேண்டும் என்றால் 15 அங்குலச் சதுர ஹேட்ச். ஆளே இறங்க வேண்டும் என்றால் குறைந்தது 20 அங்குலம் வேண்டும். ஆனால் 20 அடிப் படகின் முன்தளத்தில் அவ்வளவு பெரிய ஓட்டை தளத்தின் பலத்தைத் தின்றுவிடும் என்பது என் கருத்து.

நாங்கள் வைத்தது 15 அங்குல ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஹேட்ச், சுற்றிலும் ரப்பர் கேஸ்கெட், இரண்டு தாழ்ப்பாள். கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் தேடிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி மூடிதான் கிடைத்தது. கொச்சியிலிருந்து பார்சலில் வரவழைத்தேன், 2,900 ரூபாய், பார்சல் 250. வந்ததும் கேஸ்கெட்டை விரலால் தடவி, இணைப்பு எங்கே என்று பாருங்கள். இணைப்பில் இடைவெளி இருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

கடலோரப் படகுக்காரர்கள் போல்ட் எல்லாம் 316 ஸ்டீலில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். உப்புத் தண்ணீருக்கு அது சரி. காவிரித் தண்ணீருக்கு 304 ஸ்டெயின்லெஸ் தாராளமாகப் போதும். சாதாரண இரும்புக்கு முலாம் பூசியது மட்டும் வேண்டாம்.

5. ஆள் பிடிப்பது

நம் பக்கம் ஃபைபர் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள், முகப்பு எல்லாம் ஃபைபர்தான். அங்கே வேலை பார்த்த ஒரு அண்ணனைத்தான் கூட்டி வந்தேன். கை சுத்தம், வேகம், நேர்த்தி எல்லாம் உண்டு. ஆனால் பஸ் தண்ணீரில் நிற்பதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தால் மூன்று பழக்கங்களை அவர் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. உங்கள் ஆளிடமும் இதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

முதலாவது பட்டி. "அதெல்லாம் பட்டி வெச்சு தேச்சுப்போட்டா நின்னுக்குமுங்க" என்றார். வண்டிப் பட்டியில் டால்க் பவுடர் கலந்திருக்கும், அது தண்ணீரை உறிஞ்சும். முதல் முறை விளிம்பெல்லாம் பட்டிதான் பூசியிருந்தோம், பிய்க்கும்போது சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

இரண்டாவது ஹார்ட்னர். அவர்கள் தினமும் புழங்குவது பாலியெஸ்டர் ரெசின். அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம். சீக்கிரம் இறுக வேண்டும் என்றால் கொஞ்சம் கூட விடுவார்கள். நாம் இங்கே பயன்படுத்தப் போவது எபாக்ஸி என்ற வேறு வகை ரெசின். இதில் டப்பாவில் போட்ட விகிதத்தை மாற்றவே கூடாது. ஹார்ட்னர் கூடினாலும் குறைந்தாலும் அது கடைசிவரை முழுதாக இறுகாது. கண்ணளவில் ஊற்றாமல் எடைத்தராசு வைத்துக் கலக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் பூசுவது. பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்ஸி நன்றாக ஒட்டும். இறுகிய எபாக்ஸி மேல் பாலியெஸ்டரும், ஃபைபரின் வெளிப்பூச்சான ஜெல்கோட்டும் சரியாக ஒட்டாது. மேலே பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் அடித்து முடித்துக்கொள்ளுங்கள்.

பாலியெஸ்டரும் சேர்த்து வாங்கினால் ஒரு எச்சரிக்கை: கேட்டலிஸ்டையும், ரெசின் வேகமாக இறுகச் சேர்க்கும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் யாரும் டப்பாவைத் திறக்கக் கூடாது.

6. இடம் குறிப்பது

உள்ளே ஓடும் குறுக்குச் சட்டங்களிலிருந்து 75 மி.மீ. தள்ளி வையுங்கள். கயிறு கட்டும் கொக்கிக்குப் பக்கத்தில் வேண்டாம், அங்கே தளம் இழுபடும். பிறகு ஸ்க்ரூடிரைவர் பிடியால் நாலு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் டக் டக் என்று கேட்கும். ஊறிய இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். மந்தமான இடத்தைச் சாக்பீஸால் சுற்றி வரையுங்கள். ஹேட்ச் அந்த வட்டத்துக்குள் வந்தால், ஊறிய பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துச் சரிசெய்த பிறகுதான் மேலே போக வேண்டும்.

ஹேட்சைக் கவிழ்த்து வைத்து, உள்சட்டத்தின் அளவுக்கு அட்டையில் மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். விவரத்தாளில் போட்ட அளவை நம்பி வெட்டாதீர்கள். எங்களுக்கு வந்ததில் 4 மி.மீ. வித்தியாசம் இருந்தது. மூலைகள் வளைவாக இருக்கட்டும், குறைந்தது 50 மி.மீ. ஆரம். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். மூடியின் கீல் படகின் முன்பக்கம் பார்த்து இருந்தால், அலையும் காற்றும் மூடியைத் திறக்காமல் அழுத்தி மூடும்.

7. வெட்டுவது

பெட்ரோல் டேங்கைப் படகிலிருந்து இறக்கிவிடுங்கள். அறைக்குள் ஆவி தங்கியிருக்கலாம், 12 மி.மீ. துளை வழியாக ஊதுகுழாய் வைத்து அரை மணி நேரம் காற்றடியுங்கள். மெஷினின் தீப்பொறி ஒன்று போதும், ஆவி பற்றிக்கொள்ளும்.

கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் மறுபடி கோடு வரையுங்கள். நாலு மூலையிலும் ஹோல் சா வைத்து வட்டம் போட்டு, நடுவில் ஜிக்சாவால் இணைக்க வேண்டும். உலோகம் அறுக்கும் நுண்பல் பிளேடு வேண்டும், நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஃபைபர் பல்லைத் தின்றுவிடும். வெட்டும் துண்டு உள்ளே விழாமல் நடுத்துளையில் ஒரு போல்ட்டைக் கோத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கண்ணாடி, முழுக்கை சட்டை, தூசிக்கான நல்ல மாஸ்க் மூன்றும் கட்டாயம். கர்சீப் கட்டிக்கொண்டு வெட்டினால் அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும். கையில் முதலிலேயே டால்க் பவுடர் பூசிக்கொண்டால் அரிப்பு குறையும். முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் துளைகள் விரிந்து அரிப்பு கூடும்.

வெட்டியெடுத்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். தளம் எத்தனை தடிமன், நடுவில் பிளைவுட்டா ஃபோமா என்று அதைப் பார்த்தாலே தெரியும். அனுமதிக் கோப்புக்கு அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. விளிம்பு

முதல் முறை எங்களைக் கெடுத்தது இந்த இடம்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் படகின் தளம் மேலும் கீழும் ஃபைபர், நடுவில் பிளைவுட். வெட்டியதும் அந்தப் பிளைவுட்டின் விளிம்பு திறந்துவிடும். மூடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சட்டத்தின் அடியில் ஒரு சொட்டு போனால் பிளைவுட் அதைத் திரி மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டே போகும். மேலே ஒன்றும் தெரியாது. தளம் அமுங்கும்போதுதான் தெரியும், அதற்குள் உள்ளே மக்கிவிட்டிருக்கும்.

முதலில் காய வேண்டும். நிழலில் ஃபேன் வைத்துக் காய விடுங்கள். எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. காய்ந்ததா என்று பார்க்க, மாலையில் விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளை டேப் போட்டு ஒட்டிவிட்டுக் காலையில் பாருங்கள். உள்பக்கம் பனித்துளி படிந்திருந்தால் இன்னும் காயவில்லை. "போதுமுங்க, காஞ்சிருச்சு" என்று யார் சொன்னாலும் தாள் சொல்வதை நம்புங்கள்.

அப்புறம் இரண்டு ஃபைபருக்கும் நடுவிலுள்ள பிளைவுட்டைச் சுற்றிலும் 12 மி.மீ. ஆழத்துக்குத் தோண்டி எடுங்கள். வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டினால் சுலபமாக வரும், கையில் உளியும் வேண்டும். தோண்டிய பள்ளத்தில் முதலில் வெறும் எபாக்ஸியைப் பிரஷ்ஷால் தடவுங்கள். மரம் குடிக்கும் அளவு குடிக்கட்டும். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே, எபாக்ஸியில் ஏரோசில் பவுடர் கலந்து கெட்டித் தயிர் பதத்துக்குக் கொண்டுவந்து, அழுத்தி நிரப்புங்கள். காற்றுக்குமிழி விடக் கூடாது. கலக்கும் ரெசினைக் குடுவையிலேயே வைத்திருந்தால் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பி வையுங்கள். காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். மதிய வெயிலில் கலந்த ரெசின் பூசுவதற்குள் இறுகிவிடும்.

மறுநாள் இறுகியதும் மேல்பரப்பை ஈரத்துணியால் துடையுங்கள். சில எபாக்ஸியில் மெழுகு போல ஒரு படலம் வரும். அதைக் கழுவாமல் தேய்த்தால் உள்ளேயே அழுந்திவிடும். கழுவிய பிறகே உப்புத்தாள் போட்டுச் சமன் செய்யுங்கள்.

போல்ட் துளைகளுக்கும் இதே சிகிச்சை. 5 மி.மீ. போல்ட்டுக்கு 10 மி.மீ. துளை போட்டு, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகியதும் நடுவில் 5 மி.மீ. துளை போட வேண்டும். போல்ட்டைச் சுற்றி மரமே இருக்கக் கூடாது. எங்கள் படகில் முதலில் தண்ணீர் இறங்கியதே ஒரு போல்ட் துளை வழியாகத்தான் என்று மேலே சொன்னேன்.

9. சட்டத்தைப் பொருத்துவது

படகுத் தளம் தட்டையாக இருக்காது, லேசாக முதுகு வளைந்திருக்கும். ஹேட்ச் சட்டம் தட்டையானது. போல்ட்டை முறுக்கி வளைவுக்கு இழுத்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கேஸ்கெட் ஒரு மூலையில் தொடாது. சட்டத்தின் அடியில் மெழுகு தடவிய பாலித்தீன் தாளை வைத்து, தளத்தின் மேல் கெட்டி எபாக்ஸிப் படுக்கை போட்டு, சட்டத்தை அழுத்தாமல் சும்மா உட்கார வையுங்கள். இறுகியதும் தாளோடு எடுத்துவிடலாம். சட்டத்துக்கென்று சமமான மேடை கிடைத்துவிடும். இதன் மேல் பெயின்ட் அடித்து இரண்டு நாள் விடுங்கள்.

ஒட்டுவதற்குப் பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள், ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று டியூபில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து. பாலிசல்பைடு வகை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். பாத்ரூம் சிலிகான் வேண்டவே வேண்டாம். நாளைக்கு அது ஒழுகினால், சிலிகான் பட்ட இடத்தில் வேறெதுவும் ஒட்டாது.

சீலன்ட் வைத்ததும் போல்ட்டை விரல் இறுக்கத்துக்கு மட்டும் முறுக்குங்கள். முழுக்க முறுக்கினால் சீலன்ட் எல்லாம் வெளியே பிதுங்கி, நடுவில் ஒன்றும் மிச்சமிருக்காது. ஒரு நாள் கழித்துக் கால் சுற்று. போதும்.

10. சோதனை

கேஸ்கெட் மேல் சாக்பீஸ் தேய்த்து மூடியை மூடித் திறங்கள். மூடியின் அடியில் வெள்ளைக் கோடு அறுபடாமல் சுற்றி வந்திருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு மூலையில் இரண்டு விரல் அகலம் விட்டிருந்தது. தாழ்ப்பாளைச் சரிசெய்ததும் வந்துவிட்டது.

பிறகு அறைக்குள் செய்தித்தாள் விரித்து, மூடி, மேலே பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். தாளில் ஈரத் திட்டு எங்கே விழுந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே பாருங்கள். எபாக்ஸி முழுப் பலம் பெற ஒரு வாரம் விட்டு, அப்புறம் படகை ஆற்றில் இறக்குங்கள்.

11. செலவும் கடைசிக் காகிதமும்

எனக்கு ஆனது: ஹேட்சும் பார்சலும் 3,150. எபாக்ஸி ஒன்றரை கிலோ 1,400. ஏரோசில், கிளாஸ் மேட் 450. சீலன்ட் 750. போல்ட் செட் 320. பெயின்ட் 600. பிளேடு, டேப், மாஸ்க், கையுறை 700. கேமரா 900. ஆள் கூலி இரண்டு நாளைக்கு 3,000. வரைபடம் 1,500. படகைக் கரையேற்றி இறக்க டிராக்டருக்கு 1,200. மொத்தம் 13,970 ரூபாய். முதல் முறை வீணாகப் போனது தனியாக 6,800. பொருள் விலை ஊருக்கு ஊர் மாறும். ஆனால் எபாக்ஸியில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

நாள் கணக்கு: அனுமதிக்கு ஐந்து வாரம், காய ஒன்பது நாள், வேலை ஐந்து காலைகள், இறுக ஒரு வாரம். அனுமதிக்குக் காத்திருக்கும்போதே ஹேட்சை வரவழைத்துவிடலாம்.

வேலை முடிந்ததும் படங்களையும் பில்களையும் சேர்த்துப் பதிவு அலுவலகத்தில் கொடுத்து, ஆய்வுக்கு நாள் கேளுங்கள். ஆய்வாளர் வரும் நாளில் சாக்பீஸும் ஒரு குடம் தண்ணீரும் தயாராக இருக்கட்டும். அவர் கண் முன்னாலேயே சோதனையைச் செய்து காட்டிவிடலாம். பதிவு விவரத்தில் மாற்றம் ஏறியதற்கான நகலை வாங்கி, அதில் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படகிலேயே வையுங்கள். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து கேஸ்கெட்டைத் துடையுங்கள். வெயிலில் வெடிப்பு விட ஆரம்பித்தால் அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.